மரணம் என்னும் கொடை: ஒரு விளையாட்டின் மறு ஆக்கம் பற்றிய சில சிந்தனைகள்

ஒரு பொருளின் பகுதிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்ட பின்னரும் அது அதே பொருளாக நிலைக்கின்றதா என்பது மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரனாகிய தீசியஸின் மரக்கலத்தைப் பேணி வைத்திருந்தனர் என்றும், உளுத்த பலகைகளைக் களைந்து புதியவற்றை இட்டு வந்தமையால் அக்கலம் பழையதோ புதியதோ என மெய்யியலார் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தார். 1655ஆம் ஆண்டிலே ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் இப்புதிரை மேலும் சிக்கலாக்கினார். களைந்தெறிந்த பலகைகளை ஒருவன் பொறுக்கியெடுத்து, முன்னிருந்த ஒழுங்கிலேயே பொருத்தி இன்னொரு கலத்தைக் கட்டுவானாயின், அவ்விரண்டனுள் எது தீசியஸின் கலம் என்று அவர் கேட்டார். வகுப்பறையில் இதனைக் கேட்கும் மாணவர் பெரும்பாலும் புன்முறுவலோடு விட்டுவிடுவர். எவனோ ஒருவனின் கலம் எதுவாயிருந்தால் எமக்கென்ன என்ற எண்ணமே அதற்குக் காரணம். அவ்வினா எம்மைத் தொடவேண்டுமாயின், அது நாம் பயணஞ் செய்த கலமாயிருத்தல் வேண்டும்.

நான் பயணஞ் செய்த கலம் ஒன்று பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றேன். அது ஒரு வீடியோ விளையாட்டு. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே இதற்கு இடமுண்டோ என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். விளையாட்டு வினையாகும் என்ற முதுமொழியை அவர்கள் எச்சரிக்கையாகக் கொள்வர். நானோ அதனை உள்ளபடி உரைத்த கூற்றாகவே கொள்கின்றேன். நாற்பது ஐம்பது மணிநேரத்தை ஒருவன் ஒரு விளையாட்டிற் செலவிடுவானாயின், தன் வாழ்நாளின் ஒரு துண்டை அங்கே வைத்துவிட்டு வருகின்றான். வாழ்நாள் வைக்கப்பட்ட இடம் எதுவாயினும் அது அறவியலின் ஆராய்ச்சிக்கு உரியதே.

இவ்வகை விளையாட்டைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பர். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் தாளும் பென்சிலும் பகடையுங் கொண்டு மேசையைச் சுற்றியிருந்து ஆடுதற்கென வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இதன் மூலம். ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தை ஏற்பர். அப்பாத்திரத்தின் வலிமை, அறிவு, எஞ்சியிருக்கும் உயிர் யாவும் எண்களாற் குறிக்கப்படும். கணினி வந்தபோது பகடை உருட்டும் வேலையை அது ஏற்றுக்கொண்டது. யப்பானிலே 1986இல் ‘டிராகன் குவெஸ்ற்’, 1987இல் ‘பைனல் பான்ரசி’ என்பன தோன்றி இக்கலைக்கு அந்நாட்டு முகத்தைக் கொடுத்தன. பின்னதன் மூன்றாம் பாகமே எமது பொருள்.

‘பைனல் பான்ரசி 3’ 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நின்ரெண்டோ நிறுவனத்தின் பமிகொம் என்னும் கருவிக்காக ஸ்குவெயார் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. இசை நொபுவோ உவெமாற்சு. நிரலை எழுதியவர் ஈரானிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நாசிர் ஜெபெல்லி. அரை மெகாபைற்று அளவேயான ஒரு காட்ரிஜினுள்ளே ஓர் உலகம் முழுவதையும் அடைத்த அருஞ்செயல் அது. இன்று கைத்தொலைபேசியில் நாம் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனைவிடப் பன்மடங்கு பெரிது.

இவ்விளையாட்டின் விதி விசித்திரமானது. அதே ஆண்டு நவம்பரில் நின்ரெண்டோவின் அடுத்த தலைமுறைக் கருவி யப்பானில் வெளிவந்தது. பழைய கருவிக்கான விளையாட்டை மொழிபெயர்த்து ஏற்றுமதி செய்வதிலும் புதிய கருவிக்கான நான்காம் பாகத்தைக் கொண்டுசெல்வதே வணிகத்துக்கு உகந்ததாயிற்று. அந்நான்காம் பாகம் 1991இல் அமெரிக்காவுக்கு ‘இரண்டு’ என்ற இலக்கத்துடனும், ஆறாம் பாகம் 1994இல் ‘மூன்று’ என்ற இலக்கத்துடனும் சென்றன. ஆகவே மேலைநாட்டார் பலர் ‘மூன்றை’ ஆடியதாகவே எண்ணியிருந்தனர். உண்மையான மூன்றாம் பாகமோ யப்பானிய மொழிக்குள்ளேயே 16 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. பெயர் ஒருவருக்கும் ஆள் இன்னொருவருக்கும் உரியதான இந்நிலை, பெயருக்கும் பொருளுக்குமுள்ள உறவைப் பேசும் மெய்யியலாருக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இடையிலே 2000ஆம் ஆண்டளவில், பண்டாய் நிறுவனத்தின் வொண்டர்சுவான் என்னும் கையடக்கக் கருவிக்கு அதனை மறு ஆக்கஞ் செய்யப்போவதாக அறிவிக்கப்பட்டது. முதலிரு பாகங்கள் அக்கருவியில் வெளிவந்தன, மூன்றாவது கைவிடப்பட்டது. இறுதியில், 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், நின்ரெண்டோ டிஎஸ் என்னும் இரு திரைக் கையடக்கக் கருவிக்காக அது மீண்டும் பிறந்தது. மூல ஆக்கத்திலும் பங்குகொண்டிருந்த ஹிரோமிச்சி தனாகா இம்முறை தலைமை தாங்கினார். நவம்பரில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தட்டையான படப்புள்ளிச் சித்திரங்கள் போய் முப்பரிமாண உருவங்கள் வந்தன. பாத்திரங்களின் தோற்றத்தை அகிஹிகோ யொஷிடா புதிதாக வரைந்தார். இசை மீள அமைக்கப்பட்டது. நிரல் புதிதாக எழுதப்பட்டது. (இரண்டு திரைகளில் மேற்றிரை பெரும்பாலான நேரம் இருண்டே கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய கருவியின் வசதி முழுவதையும் பயன்படுத்தத் தெரியாத விருந்தாளியைப் போல அவ்விளையாட்டு அதனுள்ளே சற்றுக் கூச்சத்துடனேயே குடியிருந்தது.)

தீசியஸின் கலத்திலாவது பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. இங்கோ ஒரு பலகையேனும் மிஞ்சவில்லை. அவ்வாறாயின் இதனை அதே விளையாட்டு என்று எவ்வாறு அழைப்பது? நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட ‘கலையின் மொழிகள்’ என்னும் நூலிலே கலைகளை இரண்டாகப் பகுத்தார். ஓவியம் போன்றவற்றில் கலைஞனின் கைபட்ட அந்த ஒரு பொருளே படைப்பு. எத்துணை நுட்பமான பிரதியும் போலியே. இசை போன்றவற்றிலோ படைப்பு குறியீட்டில் வாழ்கின்றது. குறியீட்டைப் பிழையின்றிப் பின்பற்றும் ஒவ்வோர் இசைப்பும் அப்படைப்பே. ஒரு சுரம் பிழைத்தாலும் அது அப்படைப்பன்று எனும் அளவுக்குக் குட்மன் கண்டிப்பானவர். விளையாட்டின் குறியீடு அதன் நிரல் என்போமாயின், 2006ஆம் ஆண்டின் ஆக்கம் அவரது நீதிமன்றத்தில் ஒரு கணமும் நிற்காது.

யப்பானியரே இதற்கு வேறொரு விடையை நெடுங்காலமாக வைத்திருக்கின்றனர். ஈசே நகரின் பெருங்கோயில் 20 ஆண்டுக்கு ஒருமுறை முற்றாகப் புதிய மரத்தினாற் பக்கத்து நிலத்திலே கட்டப்படுகின்றது, பழையது பிரிக்கப்படுகின்றது. ஏழாம் நூற்றாண்டிலே தொடங்கிய இவ்வழக்கத்தின் 62ஆவது கட்டுமானம் 2013இல் நிறைவேறிற்று. அங்கே பேணப்படுவது மரமன்று. தச்சரின் கைத்திறனும் அளவுமே. இவ்விடை அழகானதே. எனினும் ஈசேயின் தச்சர் கோயிலுக்குப் புதிய சாளரம் வைப்பதில்லை. எமது விளையாட்டைக் கட்டியவர்கள் வைத்தார்கள். அச்சாளரம் எது என்பதிலேதான் வழக்கு இருக்கின்றது.

1990இன் விளையாட்டிலே கதைத்தலைவர் நால்வர். ஊர் என்னும் பெயருடைய சிற்றூரில் வளர்ந்த அநாதைகள். (தமிழ் வாசகர் இப்பெயரைக் கண்டு மகிழவேண்டியதில்லை, அது தற்செயல் ஒற்றுமையே.) அவர்களுக்குப் பெயர் இல்லை, ஆடுபவரே இடவேண்டும். தனிப்பட்ட வரலாறு இல்லை; ஒருவர்க்கொருவர் பேச்சிலும் குணத்திலும் வேறுபாடில்லை. ஒரே அச்சில் வார்த்த நான்கு பொம்மைகள். தொடக்கத்தில் அவர்களின் தொழிற்பெயர் ‘வெங்காய வீரன்’ என்பது. வெங்காயத்தை உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லை என்று எம்மவர் சொல்வதுண்டு. அப்பெயரை இட்டவர்கள் அதனை எண்ணியிருக்கமாட்டார்கள் எனினும் பொருத்தம் வியப்புக்குரியது. ஒன்றுமில்லாத அவர்கள், பளிங்குகளின் அருளாற் போர்வீரராகவும் கருமந்திரவாதியாகவும் வெண்மந்திரவாதியாகவும் இன்னும் பலவாகவும் மாறுகின்றனர். எதுவாகவும் ஆகக்கூடியவர், எதுவுமல்லாதவராக இருத்தல் வேண்டும் என்பது இவ்விளையாட்டின் எழுதாத தருக்கம்.

2006இல் அவர்களுக்குப் பெயரும் பிறப்பும் கிடைத்தன. லூனெத் துணிச்சற்காரன். ஆர்க் ஊர்ச் சிறுவர்களின் கேலிக்கு அஞ்சி ஒதுங்குபவன். ரெபியா கொல்லனின் வளர்ப்பு மகள். உலைக்களத் தொழிலை வெறுத்து வீட்டைவிட்டு ஓடுபவள். இங்கஸ் அரண்மனைச் சேவகன். இளவரசி மீது கடமையின் எல்லைக்குள் அடங்கிய அன்புடையவன். முன்பு நால்வரும் ஒருங்கே ஒரு குகையில் விழுந்தனர். இப்போது லூனெத் தனியே விழுகின்றான், மற்றவர்கள் வழியில் ஒவ்வொருவராக வந்து சேர்கின்றனர். வெங்காய வீரன் என்னும் நிலையும் தொடக்கத்திலிருந்து நீக்கப்பட்டு, மற்றைய விளையாட்டாளரோடு கடிதம் பரிமாறுவோர்க்கே திறக்கும் மறைபொருளாக ஒளித்துவைக்கப்பட்டது.

இதனை முதலில் அறிந்தபோது எனக்குச் சினமே உண்டாயிற்று. பெயரின்மை என்பது ஒரு குறையன்று; அது ஆடுபவனுக்கென ஒதுக்கி வைத்த இருக்கை. ‘எவனோ ஒருவன் உலகைக் காத்தான்’ என்பதற்கும் ‘லூனெத் உலகைக் காத்தான்’ என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. முன்னதில் அந்த எவனோ ஒருவன் நானாகலாம். பின்னதில் நான் பார்வையாளன். மேலும், பளிங்கு அவர்களைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமேதும் இல்லாமை மூலத்தின் அறவியற் சிறப்பு எனவும் எண்ணினேன். குலம், குணம், வரலாறு எதுவும் பாராது பொறுப்பு ஒருவன் தலையில் விழுகின்றது. வாழ்க்கையிலும் பொறுப்பு அவ்வாறுதான் வருகின்றது. மறு ஆக்கத்திலோ நால்வரும் ஒரே வான்கப்பல் விபத்தில் உயிர்தப்பிய குழந்தைகள் என்று ஒரு முன்கதை கட்டப்பட்டு, தற்செயல் விதியாக்கப்பட்டுள்ளது. இது மூலத்துக்குச் செய்த துரோகம் என்று நண்பர்களிடம் வாதிட்டதுமுண்டு.

என் வாதத்தை உடைத்தது ஒரு மெய்யியலாளரல்லர். பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் நான் வாங்கிய காட்ரிஜ். பெட்டியும் கைந்நூலும் இன்றி, சிறிய பிளாஸ்ரிக் உறையில் அது கிடந்தது. வீட்டுக்கு வந்து கருவியில் இட்டபோது, பயணத்தைப் பதிவு செய்தற்குரிய மூன்று இடங்களும் நிறைந்திருந்தன. முன்பு அதனை உடைமையாகக் கொண்டிருந்தவர் தம் பயணத்தின் மூன்று கட்டங்களை அங்கே விட்டுச் சென்றிருந்தார். மூன்றாவது பதிவு இறுதிக் கோபுரத்துக்கு அணித்தாக நின்றது. அதிற் கழிந்த நேரம் 40 மணியைத் தாண்டியிருந்தது. மறு ஆக்கம் தந்த பெயர்களை மாற்றவும் அதில் வசதியுண்டு. அவர் மாற்றியிருந்தார். அந்நான்கு பெயர்களும் கதைக்குரியனவல்ல. தாய், தந்தை, இரு பிள்ளைகள் கொண்ட ஒரு வீட்டுக்குரியன போலத் தோன்றின. அவற்றை இங்கு எழுதுவது முறையன்று.

நிறுவனம் நிரப்பிய இருக்கையை அவர் காலி செய்து, தம் வீட்டாரை அதில் அமர்த்திவிட்டார். அஞ்சி ஒதுங்கும் ஆர்க்கின் இடத்திலே ஒரு சிறுவன் அல்லது சிறுமியின் பெயர் இருந்தது. அவ்வீட்டில் அஞ்சி ஒதுங்கும் பிள்ளை அதுதானோ? தொழிலை வெறுத்து ஓடும் ரெபியாவின் இடத்தில் யார் பெயர் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அதனைக் கண்டபோது அவ்வீட்டின் நகைச்சுவை ஒன்று எனக்குப் புரிந்தது போலிருந்தது. வெறும் பொம்மைகளுக்குப் பெயரிட்டிருந்தால் இத்தகைய பொருத்தம் நிகழ்ந்திராது. ஆகவே பாத்திரத்துக்குக் குணங்கொடுத்தல் ஆடுபவனை வெளியே தள்ளிவிடும் என்ற என் முடிபு பிழை. வெறுமை ஒருவகை வரவேற்பு. குணம் இன்னொருவகை வரவேற்பு. எது இழக்கப்பட்டது என்று கேட்டால் இன்னும் ஒன்றைச் சொல்வேன்: காரணமின்றி விழும் பொறுப்பு. அது மறு ஆக்கத்தில் இல்லை. அவ்விழப்பு உண்மையானது. ஆயினும் அதனைத் துரோகம் என்று சொல்ல இப்போது நா எழவில்லை.

இனி, கோபுரத்துக்கு வருவோம். இவ்விளையாட்டில் பயணத்தைப் பதிவு செய்தல் திறந்த வெளியிலேயே இயலும். குகையினுள்ளும் கோபுரத்தினுள்ளும் இயலாது. இறுதியிலுள்ள பளிங்குக் கோபுரம் மிக நெடியது. அதன் உச்சியிலே சாண்டே என்னும் மந்திரவாதி. அவனை வென்றால் அவனுக்குப் பின்னாலுள்ள இருள் முகில் தோன்றி நால்வரையும் தவறாது வீழ்த்தும். இது கதையின் பகுதி. வழியிற் சந்தித்த ஐந்து நல்லுயிர்களின் துணையால் எழுந்து, இருள் உலகிற் புகுந்து, அங்குள்ள நான்கு காவற் பகைவரையும் எதிர்த்து, இறுதியாக மீண்டும் இருள் முகிலின் முன் நிற்றல் வேண்டும். மணிக்கணக்கான இவ்வழி முழுவதிலும் பதிவு செய்ய ஓரிடமும் இல்லை. ஈற்றில் வீழ்ந்தால் யாவும் போயிற்று.

1990ஆம் ஆண்டின் இவ்விதியை 2006ஆம் ஆண்டின் மறு ஆக்கம் மாற்றவில்லை. உருவம், ஒலி, நிரல், பெயர் யாவற்றையும் மாற்றத் துணிந்தவர்கள் இதனை மட்டும் விட்டுவைத்தனர். கையடக்கக் கருவியைப் பேருந்திலும் மருத்துவரின் வாயிலிலும் பயன்படுத்துவோர்க்காக ஒரேயொரு சலுகையை அளித்தனர்: எவ்விடத்திலும் இடைநிறுத்திக் கருவியை மூடிவிடலாம். ஆனால் அவ்விடைநிறுத்தம் மீளத் திறந்தவுடன் அழிந்துவிடும். ஓய்வுண்டு, மறுமுயற்சி இல்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தியதில் ஒரு நுண்ணறிவு இருக்கின்றது. களைத்தவன் இளைப்பாறுவதைத் தடுப்பது கொடுமை. தோற்றவன் தோற்கவில்லை என்று ஆக்கிவிடுவது வேறு.

நான் முதன்முறை ஏறியபோது இருள் முகிலின் முன்னே வீழ்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மாலை முழுவதும் அவ்வாறு போயிற்று. சிறு திரை இருண்டு தொடக்கப் பக்கம் தோன்றியபோது, சில நிமிடங்கள் கருவியைக் கையில் வைத்தபடியே இருந்தேன். அற்ப விடயந்தான். ஆனால் அம்மாலை திரும்பி வராது என்ற உணர்வு அற்பமானதன்று. மறுமுறை ஏறியபோது ஒவ்வொரு போரிலும் என் கை தயங்கிற்று; மருந்தை எப்போது செலவிடுவது, எப்போது காப்பது என்பதில் ஒரு கனம் வந்திருந்தது. அக்கனமே இவ்விளையாட்டு என்று இன்று துணிந்து சொல்வேன்.

இங்கேதான் ஹொப்ஸின் இரண்டாவது கலம் வந்து சேர்கின்றது. 2021ஆம் ஆண்டு ஜூலையில், கணினிக்கும் கைத்தொலைபேசிக்குமாக, அதே விளையாட்டு இன்னொருமுறை வெளியிடப்பட்டது. இம்முறை தட்டையான படப்புள்ளிச் சித்திரங்கள் திரும்பின; அவற்றை மீள வரைந்தவர் மூல விளையாட்டின் சித்திரக்காரராகிய கஸுகோ ஷிபுயா அவர்களே. நால்வரும் மீண்டும் பெயரற்ற அநாதைகளாயினர். வெங்காய வீரராகவே தொடங்கினர். பழைய பலகைகளைப் பொறுக்கிக் கட்டிய கலம் என்று இதனையே சொல்லலாம். ஆனால் இக்கலத்திலே எவ்விடத்திலும் பயணத்தைப் பதிவு செய்யலாம். வீழ்ந்தால் அருகிலுள்ள படியிலிருந்தே எழலாம். முன்னையது உடல் முழுவதையும் மாற்றி இடரைக் காத்தது. பின்னையது உடலை மீட்டு இடரை நீக்கியது. எது தீசியஸின் கலம்?

என் விடை முன்னையதே. ஆயினும் இவ்விடையைப் பெருமிதத்தோடு சொல்ல இயலவில்லை. இரண்டு வேலை பார்த்து வீடு திரும்பும் ஒருத்தி, குழந்தை உறங்கிய பின் கிடைக்கும் அரை மணிநேரத்தில் விளையாடுபவளாயின், அவளிடம் சென்று உன் மாலையை இழக்க ஆயத்தமாயில்லாவிடில் நீ இதனை ஆடியவளல்லள் என்று சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? இழக்கக்கூடிய மாலை ஒன்று இருப்பதே ஒரு செல்வம். இடரைப் போற்றுவோர் பெரும்பாலும் ஓய்வுள்ளவர்களே என்பதை மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டின் ஆக்கம் வந்ததனால் 2006இனது அழிந்துவிடவுமில்லை. வேண்டியவர் வேண்டியதைத் தேடி எடுக்கலாம். மூலத்தை மறைத்து அதன் இடத்தில் தன்னை வைத்துக்கொள்ளும் மறு ஆக்கமே குற்றமுடையது. பக்கத்தில் நிற்பது அன்று. ஈசேயிலே பழைய கோயிலைப் பிரித்துவிடுகின்றனர். விளையாட்டு விடயத்தில் அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதிய பின்னரும் ஏதோ சொல்லாது விட்டது போலிருந்தமைக்குக் காரணம் கதையின் உள்ளேயே இருந்தது. சாண்டே ஏன் தீயவனானான்? நோவா என்னும் மாமந்திரவாதிக்கு மூன்று மாணாக்கர். இறக்குந் தறுவாயில் அவர் மூவர்க்கும் கொடை வழங்கினார். டோகாவுக்கு மந்திர ஆற்றல். உனேக்குக் கனவுலகம். சாண்டேக்கு மனித வாழ்வு, அதாவது மரணம். மற்றவர்கள் நெடிது வாழ, தனக்கு மட்டும் முடிவு தரப்பட்டதை அவன் அவமதிப்பாகக் கொண்டான். சாவைத் தவிர்க்க உலகின் காலத்தையே நிறுத்தினான். கதைத்தலைவர்கள் வளர்ந்த நிலம் வானில் மிதக்கும் ஒரு துண்டு மாத்திரமே. வான்கப்பலேறி அதன் விளிம்பைக் கடந்து கீழே நோக்கும்போது, எல்லையற்ற கடல் மட்டும் அசைவின்றிக் கிடக்கின்றது. காலம் நின்ற உலகம் அது. அந்தக் காட்சியின் அச்சம் தட்டைச் சித்திரத்திலும் முப்பரிமாணத்திலும் ஒன்றே.

நோவா ஏன் அக்கொடையை அளித்தார் என்பதற்கு விளையாட்டு விளக்கந் தருவதில்லை. மிகச் சிறந்த மாணாக்கனுக்கு மிகச் சிறந்த பொருளையே தந்தார் என்று கொள்ள இடமுண்டு. டோகாவும் உனேயும் இறுதியில் என்ன செய்கின்றனர் என்பது இதற்குச் சான்று போலும்: கோபுரத்தின் திறவுகோலுக்கு ஆற்றல் ஊட்டுதற்காக, அந்நால்வரையே தம்மோடு போரிடச் செய்து, அவர்கள் கையால் மாள்கின்றனர். மூன்றாமவனுக்கு வாய்த்த கொடையை அவர்கள் விரும்பி வாங்கிக்கொள்கின்றனர். அவ்விருவரை எதிர்க்கும் போரில் ‘தாக்கு’ என்னும் கட்டளையை அழுத்த வேண்டியவன் ஆடுபவனே. நான் அழுத்தினேன். வேறு வழி வைக்கப்படவில்லை.

மரணத்தைப் பற்றிப் பேசும் இவ்விளையாட்டே மரணத்துக்கு உட்பட்டது. பமிகொம் காட்ரிஜினுள்ளே பயணப் பதிவுகளைக் காப்பது ஒரு சிறு மின்கலம். அது தீர்ந்தால் பதிவுகள் மறையும். 1990இல் யப்பானியச் சிறுவர் இட்ட பெயர்களுள் எத்தனை இன்னும் எஞ்சியிருக்கும்? டிஎஸ் காட்ரிஜ் மின்கலத்தை நம்பியதன்று. ஆனால் வெங்காய வீரனைத் திறக்க உதவிய கடிதப் பரிமாற்றத்துக்கு வழியாயிருந்த நின்ரெண்டோவின் இணையச் சேவை 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. அயலில் அதே காட்ரிஜை வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தாலன்றி, ஒன்றுமில்லாதவனாயிருந்து எல்லாமாகும் அந்த வீரனை நான் காணப்போவதில்லை. மறு ஆக்கமும் சாகத் தொடங்கிவிட்டது. அதற்கும் மறு ஆக்கங்கள் வரும்.

முன்னையவரின் பதிவுகளைப் பற்றிச் சொல்லி நிறுத்துகின்றேன். எனக்கு இடம் வேண்டியிருந்தது. மூன்றுள் முதலாவது பயணத்தின் தொடக்கத்தில் நின்றது. அதனை அழித்து என் பயணத்தைத் தொடங்கினேன். அழிப்பதா என்று கருவி ஒருமுறை கேட்டது. அழுத்தும்போது கை சிறிது கூசியது. நடுவிலிருந்த இரண்டாவதையும் பின்னர் அழிக்க நேர்ந்தது. மூன்றாவதை விட்டுவைத்தேன். அதைத் திறந்து கோபுரத்தில் ஏறி, அந்நால்வரையும் முடிவுக்குக் கொண்டு சேர்த்துவிடலாம் என்று பலமுறை எண்ணியதுண்டு. வழி எனக்குத் தெரியும். அவர்களின் காலத்தை நிறுத்தி வைத்திருப்பவன் இப்போது நானே என்பதும் தெரியும். ஆயினும் அப்பெயர்கள் என்னுடையவையல்ல. அவற்றை இட்டவர் இருக்கின்றாரோ இல்லையோ. காட்ரிஜை விற்றது வறுமையாலோ, பிள்ளைகள் வளர்ந்துவிட்டமையாலோ, வேறெதனாலோ. சென்ற மாதம் மின்னேற்றிப் பார்த்தபோதும் அவர்கள் அங்கேயே நின்றனர்: ஒரு வீட்டார் நால்வர், கோபுர வாயிலுக்குச் சற்று வெளியே, 40 சொச்சம் மணிநேரத்தோடு.